குடியை விடும்போது வைத்தியர் துணை வேண்டும்

பல்லாண்டு காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர், “இனித் தொடேன்” என உறுதி பூணுகிறார். வீட்டார் மகிழ்கின்றனர். மறுநாளே அவர் கைகள் நடுங்குகின்றன, வியர்வை பெருகுகிறது, உறக்கம் அகன்றுவிடுகிறது. இது மனவுறுதியின் குறைவன்று, உடலின் நோய்.

மதுவானது மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்துவது. நெடுநாட் குடியினால் மூளை அதற்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மது திடீரென நின்றதும் அவ்வேகம் தடையின்றிப் பாய்கிறது. முதல் 48 மணி நேரத்துள் சிலருக்கு வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுள் வேறு சிலருக்கு அறிவு குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணிற் தோன்றும். 1813இல் ஆங்கில வைத்தியர் தோமஸ் சட்டன் ‘நடுக்கச் சன்னி’ என்று பொருள்படும் பெயரால் விளக்கிய நிலை இதுவே. சிகிச்சையின்றி விட்டால் இஃது உயிரையும் கவரும்.

1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டயசெப்பொக்சைட்டும் அதன் இனத்து மருந்துகளும் இக்கொந்தளிப்பைத் தணிக்கின்றன. வைத்தியர் அவற்றைப் போதிய அளவு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். குடியினாற் குன்றிய தயமின் என்னும் விற்றமினையும் ஊட்டுவார். அது மிகக் குறைந்தால் நினைவாற்றல் நிலையாகவே கெடக்கூடும்.

ஆகவே, குடியை விட எண்ணுபவரைப் பாராட்டுங்கள். ஆனால் அறையில் அடைத்துத் தனியே போராட விடாதீர்கள். நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிப்போ பிதற்றலோ கண்டால் அக்கணமே வைத்தியசாலையை நாடுங்கள். நல்ல முடிவு உயிரோடு நிறைவேற வேண்டுமன்றோ?