பெயர் சொல்லாத மொனிட்டர்

லினக்ஸ் மடிக்கணினியில் வெளி மொனிட்டர் ஒன்றைக் கொழுவுகிறீர்கள். படம் வருகிறது. ஆனால் 1920×1080 வரவேண்டிய திரையில் 1024×768 தான். எழுத்தெல்லாம் பருத்து மங்கலாகத் தெரிகிறது. "லினக்ஸ் எண்டா இப்பிடித்தான் தம்பி, விண்டோஸப் போடுங்க" என்பார் கடைக்காரர். பொறுங்கள். கல்லடியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பை.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊர் இது. உப்புக்காற்று சைக்கிள் செயினை என்ன பாடுபடுத்தும் என்று எல்லாருக்கும் தெரியும். கேபிள் முனையின் ஊசிகளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

விஜிஏ செருகியில் 15 ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனி ஊசிகள் உண்டு. 12, 15ஆம் ஊசிகள் கணினியும் மொனிட்டரும் பேசிக்கொள்வதற்கு மட்டும். எச்டிஎம்ஐயில் அந்த வேலை 15, 16ஆம் ஊசிகளுக்கு. கணினி கேட்க, மொனிட்டர் 128 பைட்டில் தன் விவரத்தை ஒப்புவிக்கும். 1994இல் வெசா அமைப்பு வகுத்த இந்த முறைக்கு ஈடிஐடி என்று பெயர். தயாரித்தவரின் மூன்றெழுத்துக் குறி, தாங்கக்கூடிய அளவுகள், தயாரித்த ஆண்டு எல்லாம் அதில் இருக்கும். ஆண்டை 1990இலிருந்து எண்ணுவார்கள்: 29 என்றால் 2019. 128 பைட்டையும் கூட்டினால் 256ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வரும் வழியில் ஒரு பிட் பிசகினாலும் கணக்கு உதைக்கும்.

பேச்சு ஊசியில் களிம்பு பிடித்தால் நிறங்கள் ஒழுங்காக வரும், விவரம் வராது. திறன் தெரியாத மொனிட்டருக்கு லினக்ஸ் 1024×768ஐத் தாண்டுவதில்லை. பழைய குழாய்த் திரைகளில் தாங்காத அதிர்வெண்ணைக் கொடுத்தால் மொனிட்டரே பழுதாகலாம். அந்தக் காலத்து எச்சரிக்கை இன்னும் தொடர்கிறது. என்னைக் கேட்டால், நல்ல பழக்கம்தான்.

எக்ஸ்11 டெஸ்க்டொப்பில், டெர்மினலில் 'எக்ஸ்ரேண்டர்' கட்டளையை 'வெர்போஸ்' என்ற தெரிவோடு கொடுத்தால் அந்த 128 பைட்டும் அப்படியே கொட்டும். இரண்டு பூச்சியம், பன்னிரண்டு எஃப், மறுபடி இரண்டு பூச்சியம் என்று தொடங்கினால் பேச்சு நடக்கிறது. 'கனெக்டட்' என்று காட்டியும் அந்த வரிகள் இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். 'டிஸ்கனெக்டட்' என்றால் அது வேறு சங்கதி: எச்டிஎம்ஐயில் மொனிட்டர் கொழுவப்பட்டதைத் தெரிவிக்கும் 19ஆம் ஊசி, அல்லது கிராஃபிக்ஸ் டிரைவர்.

இரு முனைகளையும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, காயவிட்டுக் கொழுவுங்கள். சரிவராவிட்டால் வேறு கேபிள். அதன் பிறகுதான் எக்ஸ்ரேண்டரில் 'நியூமோட்' கொடுத்து அளவை வலிந்து திணிப்பது. அதுவும் கணினியை மறுபடி தொடங்கினால் போய்விடும். மலிவான சில விஜிஏ கேபிள்களில் 12, 15ஆம் ஊசிகளுக்குக் கம்பியே இருப்பதில்லை. மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே கொழுவிப் பார்த்து வாங்குங்கள்.