இருமுறை மின்னும் விண்மீன்

வெளியின் இரு பகுதிகளை இணைக்கும் குறுக்குவழியாகக் கருதப்படும் புழுத்துளை இருக்கிறது என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. ஆனால், இருந்தால் அது எப்படித் தென்படும் என்பதற்குத் தெளிவான கணக்குகள் உண்டு. அறிவியல் புனைகதை எழுதுவோருக்கு இது வளமான நிலம்.

1935இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் இத்தகைய பாலத்தைப் பொதுச் சார்பியலிலிருந்து வருவித்தார்கள். ஒளி கடப்பதற்குள் அது அறுந்துவிடும் என்று 1962இல் ஃபுல்லரும் வீலரும் காட்டினார்கள். வழி திறந்தே இருக்க எதிர்மறை ஆற்றல் தேவை என்பது 1988இல் மாரிஸும் கிப் தோர்னும் கண்ட முடிவு. கார்ல் சேகன் தம் ‘காண்டாக்ட்’ நாவலுக்காகத் தோர்னிடம் யோசனை கேட்டதே அந்த ஆய்வுக்கு வித்து.

கண்டறியும் வழியிலும் எழுத்தாளர்களின் கை இருக்கிறது. 1995இல் வெளிவந்த முக்கியமான ஆய்வுக்கட்டுரையை எழுதிய அறுவரில் கிரேமர், ஃபார்வர்டு, பென்ஃபோர்டு, லேண்டிஸ் ஆகிய நால்வர் புனைகதையும் எழுதியவர்கள். அந்தக் கட்டுரையின்படி, புழுத்துளைக்குள் பொருள் நுழையும் வாயின் நிறை கூடும். வெளியேறும் வாயின் நிறை குறையும். குறைந்துகொண்டே போனால் அது எதிர்மறை நிறையாகவும் மாறலாம். சாதாரண நிறை, பின்னாலுள்ள விண்மீனின் ஒளியைக் குவிக்கும். எதிர்மறை நிறையோ அதை விலக்கித் தள்ளும். குடைக்கு அடியில் மழை விழாமல் விளிம்பில் மட்டும் கொட்டுவதுபோல, வாய்க்குப் பின்னே ஒளியற்ற நிழலும் அதைச் சுற்றிப் பிரகாசமான விளிம்பும் உண்டாகும்.

அத்தகைய வாய் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தால், வெளிச்சம் மெல்ல ஏறிச் சட்டென உச்சம் தொடும். உடனே விண்மீன் மறைந்துபோகும். பின்பு மீண்டும் திடீர் உச்சம், அதன்பின் மெல்லிய இறக்கம். சாதாரண நிறை ஒளியைக் குவிக்கும் ஈர்ப்பு வில்லையோ ஒரே ஒரு சீரான மேட்டைத்தான் தரும். கதையில் ஒரு வானியலாளர் இரவெல்லாம் விழித்துப் பார்க்க வேண்டிய வரைபடம் இந்த இரட்டை உச்சமே.

இன்னொரு வழியை 2019இல் டாய், ஸ்டோய்கோவிக் என்னும் இயற்பியலாளர்கள் முன்வைத்தார்கள். நம் பால்வீதியின் நடுவே, சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறையுள்ள சஜிட்டேரியஸ் ஏ* என்னும் கருந்துளை இருக்கிறது. அதை எஸ்2 என்னும் விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. அந்தக் கருந்துளையில் புழுத்துளையின் வாய் இருந்தால், மறுபுறத்து விண்மீன்களின் ஈர்ப்பு அதன் வழியே கசிந்து எஸ்2இன் பாதையைச் சற்றே அசைக்கும். ஆனால் அந்த அசைவுக்கு, கண்ணுக்குப் படாத வேறு பொருள்களும் காரணமாகலாம். ஆகவே அசைவு மட்டும் சான்றாகாது. கதையின் முடிச்சுக்கு இந்த ஐயமே ஏற்றது.

கதைக்கு வெளியே, உண்மையான தேடலும் நடந்தது. ஸ்லோன் வானாய்வில் பதிவான, குவாசர்கள் எனப்படும் தொலைதூர ஒளிமிகு விண்பொருள்கள் ஏறத்தாழ 50,000இன் தரவைக் கொண்டு எதிர்மறை நிறைப் பொருள்களுக்கும் புழுத்துளைகளுக்கும் உரிய அடையாளம் தேடப்பட்டது. 2013இல் முடிவு வெளிவந்தது: ஒன்றும் அகப்படவில்லை.