நகராத புள்ளி

டி.வி.எஸ். என்ற பெயரின் முதல் எழுத்தான ‘டி’ திருக்குறுங்குடியைக் குறிக்கிறது. நெல்லைச் சீமையின் அந்த ஊரில் பிறந்த சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கியது போக்குவரத்துத் தொழில். அதே பெயரைத் தாங்கி, பல ஆண்டுகள் கழித்து வந்த ‘டி.வி.எஸ். கோல்டு’ கீபோர்டு, பஸ்ஸைவிடச் சற்றுக் குறைவாகத்தான் சத்தம் போடும். பில் போடும் மேசைகளிலும் அலுவலகங்களிலும் அதன் ‘டக் டக்’ பழகிப்போன ஓசை. பழைய கணினிகளைத் தூசு தட்டி ஓடவைப்பவர்கள், ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்ச் வைத்த இந்த மெக்கானிக்கல் கீபோர்டுகளைத்தான் தேடி எடுத்துச் செருகுகிறார்கள். இது வெறும் சத்தப் பிரியர்களின் விளையாட்டு என்று ஒதுக்குவது எளிது. ஆங்கிலத்தில் மட்டும் தட்டுபவர் விஷயத்தில் அது பாதி உண்மையும்கூட. தமிழுக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம்.

ஒரு விசையை அழுத்தும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ‘அழுத்தியாயிற்று’ என்று விரலுக்குத் தெரிகிறது. மின்சுற்று மூடிக் கணினிக்கும் தெரிகிறது. மலிவான ரப்பர் கீபோர்டில் இரண்டும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. ரப்பர் குமிழ் மடங்கியதும் விரலுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றையொன்று தொடும்வரை எழுத்து விழாது. அதனால் ஒவ்வொரு முறையும் தரைவரை குத்த வேண்டியிருக்கிறது. செர்ரி நிறுவனத்தின் நீலச் சுவிட்சில் 4 மில்லிமீட்டர் பயணத்தின் பாதியைக் கடந்ததும், ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டரில், சுற்று மூடிவிடுகிறது. அந்த இடத்தை ஒட்டியே உள்ளிருக்கும் சிறு துண்டு துள்ளி ஒலி எழுப்புகிறது. 1985-இல் வந்த ஐ.பி.எம். ‘மாடல் எம்’ இதில் இன்னும் அழகு. அதன் சுருள்வில் நேராக அழுந்திக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சட்டென்று பக்கவாட்டில் வளையும். பாரம் ஏறிய தூண் எப்போது வளையும் என்று 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் போட்ட கணக்கின் உறவினர்தான் இது. வளையும் அதே அசைவு கீழேயுள்ள சிறு சுத்தியலைச் சாய்த்து எழுத்தைப் பதிவு செய்கிறது. விரல் உணர்வதும் கணினி அறிவதும் அங்கே ஒரே நிகழ்ச்சி. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்வுகளை முடித்த கைக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் பழக்கம் உண்டு. டைப்ரைட்டரில் வெட்டினாற்போல் தட்டி உடனே விரலை எடுக்காவிட்டால் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இத்தகைய கீபோர்டைப் பழைய கணினியில் செருகுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1981-இன் ஐ.பி.எம். பி.சி.யிலும் 1984-இன் ஏ.டி.யிலும் கீபோர்டுக்கு ஒரே மாதிரியான ஐந்து முள் வட்டச் செருகிதான். ஆனால் முதலாவதில் கீபோர்டு பேசும், கணினி கேட்கும், அவ்வளவே. ஏ.டி.யில் இருவரும் பேசிக்கொள்வார்கள், விசைகளுக்கான குறிகளும் வேறு. எனவே செருகி பொருந்திவிடும், எழுத்து வராது. 1987-இல் பி.எஸ்/2 வந்தபோது நேர்மாறாக நடந்தது: செருகி சிறுத்தது, மொழி மாறவில்லை. அதனால் பி.எஸ்/2 வகை கோல்டு கீபோர்டை ஏ.டி. வகையான ஒரு 286 கணினியில் சேர்க்க, கம்பிக்குக் கம்பி இணைக்கும் சின்ன மாற்றுச் செருகி போதும். யு.எஸ்.பி. மட்டும் தெரிந்த புதிய கீபோர்டு என்றால் நடுவில் மொழிபெயர்க்கும் சில்லு ஒன்று வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் டைப்ரைட்டரிலிருந்து கணினிக்கு வந்தபோது எழுத்து வரிசை அப்படியே வந்தது. மாறியது விரலின் உணர்வு மட்டும். தமிழிலோ ஒரு சொல்லைத் தட்டும் முறையே மாறிவிட்டது. 247 எழுத்துகளை ஒரு டைப்ரைட்டரில் அடைக்க, யாழ்ப்பாணத்தில் பிறந்த இரா. முத்தையா போன்ற முன்னோடிகள் கண்ட வழி, தட்டினாலும் தாள்வண்டி நகராத விசைகள். புள்ளி அப்படிப்பட்டது. முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். வண்டி அங்கேயே நிற்கும். பிறகு ‘ல’வைத் தட்டினால் அது புள்ளிக்கு அடியில் போய் உட்கார்ந்து ‘ல்’ ஆகும். கொம்புகளும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முதலில் வரும். ஆக ‘நெல்லை’க்கு ஒற்றைக்கொம்பு, ந, புள்ளி, ல, இணைக்கொம்பு, ல என்று ஆறு தட்டு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ பலகையில் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானே விழும். அங்கே ந, எ, ல, ல, ஐ என்று ஐந்தே தட்டு. முன்னது கண்ணின் வரிசை, பின்னது நாவின் வரிசை. டைப்ரைட்டர் முறையில் பழகியவரின் விரல் ‘நெ’ என்றதும் கொம்பைத் தேடித்தான் போகும்.

‘அப்படியானால் தமிழ்99 தானே மேல், பழையதை ஏன் கட்டி அழ வேண்டும்?’ என்று கேட்கலாம். புதிதாகக் கற்பவருக்குத் தமிழ்99-ஐத்தான் நானும் சொல்வேன். மெக்கானிக்கல் கீபோர்டால் வேகம் கூடும் என்றும் சொல்ல மாட்டேன். வேகம் பயிற்சியில் இருக்கிறது. ‘பழைய கணினியைப் புதியதற்குள் மென்பொருளாகவே ஓட்டலாமே, டைப்ரைட்டர் வரிசையும் அதில் கிடைக்கிறதே’ என்பது இதைவிட வலுவான மறுப்பு. கிடைக்கிறது, ஆனால் போலியாக. யூனிகோடில் மெய்க்குப் பின்தான் புள்ளி வர முடியும். எனவே புள்ளி முதலில் தட்டப்பட்டால் மென்பொருள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மெய் வந்ததும் இடம் மாற்றி எழுதுகிறது. நகராத வண்டியாக அது போடும் வேஷம் இது. திரையில் முடிவு சரிதான். அந்த எழுத்து எந்த வரிசையில் பிறந்தது என்பதற்கு மட்டும் கோப்பில் தடயம் இராது.

தடயம் இருப்பது 1990-களின் டி.டி.பி. கோப்புகளில். கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீசும் அடித்த அந்தக் கணினிகளில் தமிழ் என்பது பெரும்பாலும் எழுத்துருவின் தந்திரம்: ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தார்கள். கொம்பைத் தட்டினால் கொம்பே முதலில் சேமிக்கப்படும். விரலின் வரிசையும் கோப்பின் வரிசையும் ஒன்று. பழைய கணினி, அதன் எழுத்துரு, டைப்ரைட்டர் கைக்கு ஈடுகொடுக்கும் கீபோர்டு மூன்றும் சேர்ந்து ஓடும்போதுதான் அந்தக் கோப்புகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது கையில் புலப்படும்; யூனிகோடுக்கு மாற்றுபவர் எந்தக் கொம்பு எந்த மெய்க்கு, எந்தக் கால் எந்தக் கொம்புக்கு என்று ஆராய வேண்டியிருப்பதன் காரணமும் விளங்கும். கணினியே அகர வரிசையில் அடுக்கிய அந்தக் கால ஊர்ப்பட்டியல் ஒன்றில் ‘ந’வின் கீழ்த் தேடினால் நெல்லை அகப்படாது, ஒற்றைக்கொம்பில் தொடங்கும் ஊர்களோடு அது தனியே போய் நிற்கும்.