கிழிக்கப்படும் சீட்டுகள்

2021 ஜூலையில் கண்டி மாவட்டத்தில் மொடேர்னா தடுப்பூசி ஏற்றப்பட்ட நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்நாட்களில் கெலிஓயாவில் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "மவ்லவி, இந்த ஊசீல ஆர்.என்.ஏ. எண்டு என்னமோ ஈக்காம். அது ஒடம்புலயே நிண்டுடுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடியபோது, நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியாவிலிருந்துதான் விளங்கிக்கொள்ள முடிந்தது.

கல்யாண வீட்டில் சமையல்காரருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோமே, ஆர்.என்.ஏ. அப்படித்தான். டீ.என்.ஏ. மூலப் பிரதி, அது பத்திரமாக இருக்கும். ஆர்.என்.ஏ. அதிலிருந்து எழுதிய சீட்டு. அதைப் பார்த்தே கலம் புரதம் ஆக்குகிறது. பாலிலுள்ள லக்டோஸ் சீனி வந்தால், அதை உடைக்கும் நொதியத்துக்குச் சீட்டு எழுதப்படும். பால் தீர்ந்த பின்னும் சீட்டு கிடந்தால்? விருந்தாளிகள் போன பிறகும் சஹன் சஹனாகச் சோறு வந்துகொண்டிருக்கும்! ஆகவே ஈ.கோலையில் பெரும்பாலான சீட்டுகள் சில நிமிடங்களிலேயே சிதைக்கப்படுகின்றன.

கிழிப்பதில் முதன்மையானது ஆர்.என்.ஏஸ்-ஈ என்ற நொதியம். கையில் கத்தியோடு நிற்கும் இது எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாதிருப்பது எப்படி? புதிய சீட்டின் தலையில் மூன்று பொசுபேற்றுகள் உண்டு. அவற்றில் இரண்டை இன்னொரு நொதியம் கழற்றி ஒன்றை மட்டும் விட்டதும், கத்திக்கு வழி இலேசாகிறது. இதை 2008இல் நியூயோர்க்கில் பெலாஸ்கோ குழுவினர் வெளியிட்டனர். தலையைப் பாராமல் நடுவிலேயே வெட்டும் வழியும் அதற்கு உண்டு. ஆனால் சீட்டை வாசித்துப் புரதம் ஆக்கும் றைபோசோம்கள் அதன்மீது நெருக்கமாக இருந்தால் வெட்டுவது கடினம்.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. இந்த நொதியத்தை ஆக்குவதற்கும் ஒரு சீட்டு வேண்டுமல்லவா? நொதியம் மிகுந்துவிட்டால் அது தன் சொந்தச் சீட்டையே வெட்டித் தன்னைக் குறைத்துக்கொள்கிறது! ஜெயினும் பெலாஸ்கோவும் 1995இல் இதைக் காட்டினர். சுப்ஹானல்லாஹ்! கண்ணுக்குத் தெரியாத கலத்துக்குள்ளும் மீஸான்.

இந்த நொதியம் இல்லாவிட்டால் ஈ.கோலை பிழைக்காது. எனினும், ஆர்.என்.ஏ. எழுதுவதை இடையில் நிறுத்தும் 'றோ' என்ற புரதத்தின் வேலை பழுதுபட்ட வகைகள், அது இன்றியும் பிழைப்பதை ஹைதராபாத்தில் கௌரிசங்கர் குழுவினர் 2011இல் காட்டினர். எழுதுவதும் கிழிப்பதும் அவ்வளவு பின்னிக் கிடக்கின்றன.

நம் கலங்களில் வெட்டும் நொதியங்கள் வேறு. ஆனால் அங்கும் சீட்டு தற்காலிகமானதே. ஊசியில் வந்ததும் சிதைந்து போகும். அந்த மருந்தை உறைகுளிரில் வைத்ததற்கும் ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது ஒரு காரணம்.

அடுத்த ஜும்ஆவில் அந்தப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப ரெண்டாவதையும் போட்டுக்கொள்றேன்" என்றார்.