நிலம் இல்லாவிடினும் கல்விக்கடன் உண்டு

மூணாறு மலையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பலருக்கு வீடு என்பது நிறுவனம் அளித்த லயம்தான். பணி ஓய்வு பெற்றால் அதையும் ஒப்படைத்துவிட வேண்டும். அத்தகைய லயம் ஒன்றிலிருந்து ஒரு தாய், எல்லைப்புறக் கிளையொன்றில் பணியாற்றிய என்னைக் காண மகளுடன் வந்தார். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓராண்டு மருத்துவமனையில் பணிபுரிந்த மகளுக்கு, தமிழகத்தில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. "பட்டயமும் இல்லை, நகையும் இல்லை. எங்களுக்குக் கடன் கிடைக்குமா, சார்?" என்று கேட்டார்.

தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்களிலும் இக்கேள்வியைக் கேட்கத் தயங்கி, வட்டிக்காரரை நாடுவோர் உளர். அவர்கள் அறிய வேண்டியது இதுதான்: மத்திய அரசின் கல்விக்கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையொப்பமிட்டால் போதும். ஆயினும் இவ்வுத்தரவாதம் வங்கிக்கே உரியது; கடன் தீரும்வரை பொறுப்பு குடும்பத்தினுடையதே.

கல்லூரி மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதும் தடையன்று. படிப்பு உரிய கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். கடன் ரூ.4 லட்சத்தைக் கடந்தால், உள்நாட்டுப் படிப்புச் செலவில் 5 விழுக்காட்டை மாணவர் ஏற்க வேண்டும்.

வட்டியில் சலுகைகளும் உள. ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்திற்கு மேற்படாத குடும்பங்களுக்கு, தொழிற்கல்விப் படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டுக்குமான வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வித்யாலட்சுமி திட்டம், ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது. இது பட்டியலிலுள்ள உயர்தரக் கல்லூரிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

அந்தத் தாய்க்கு நான் சொல்ல நேர்ந்த கசப்பான செய்தியும் ஒன்றுண்டு. முழு வட்டி மானியம் ஒருவருக்கு ஒருமுறையே கிடைக்கும். மகள் இளநிலைப் படிப்பிலேயே அதைப் பெற்றுவிட்டதால், முதுநிலைக்கு மீண்டும் பெற இயலாது.

எனவே அவர்கள் முன் ஒரு கணக்கை வைத்தேன். ஆண்டுக்கு ரூ.2.5 லட்சமாக ஈராண்டுக்கு ரூ.5 லட்சம்; எடுத்துக்காட்டாக வட்டி 9 விழுக்காடு எனக் கொள்வோம். முதலாண்டில் ரூ.22,500, அடுத்த ஆண்டிலும் அதன்பின் வரும் தவணையில்லாத ஓராண்டிலும் தலா ரூ.45,000 என வட்டி மட்டும் ரூ.1,12,500 சேரும். முதலாண்டில் மாதம் ரூ.1,875, பின்னர் ரூ.3,750 செலுத்தி வந்தால் இச்சுமை அசலோடு சேராது.

மகள் சற்று நேரம் யோசித்தார். ஓராண்டுப் பணியில் சேமித்த தொகையிலிருந்து முதலாண்டு வட்டியைத் தாமே செலுத்துவதாகக் கூறினார். பழைய கடனின் நிலுவையையும் மறைக்காமல் தெரிவித்தார். அது நல்ல வழி. மேற்படிப்பைக் கருத்தில்கொண்டு பழைய தவணைகளை மாற்றியமைக்க விதிகளில் இடமுண்டு.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே கிளைக்கு வாருங்கள். கட்டணத்தின் கடைசி நாள்வரை காத்திராதீர்கள். கேட்பதற்கு நிலப்பத்திரம் தேவையில்லை.