அழுததால் வந்த வீக்கம் அல்ல

“அழுதழுது கண் வீங்கிப் போச்சு. எல்லாம் யோசினைதான்.” கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்த பெண்ணைப் பார்த்து அயலவர் இப்படிச் சொல்வது எங்கள் ஊர்களில் வழமை. நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், நித்திரையின்மை, உடல் மெலிவு எல்லாவற்றுக்கும் அந்த யோசினையையே காரணமாக்கி விடுகிறோம். அவளும் நம்பி இருந்துவிடுகிறாள்.

இவை தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரப்பதன் அறிகுறிகளாகவும் இருக்கலாம். 1835 இல் டப்ளின் நகர வைத்தியர் ரொபேர்ட் கிரேவ்ஸ் இந்நோயை விபரித்தபோது, நெஞ்சுப் படபடப்போடு கழுத்தும் வீங்கிய பெண்களைப் பற்றியே எழுதினார். இன்றும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம். அயடீன் குறைவால் வரும் கழலை வேறு. இது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதால் வருவது. அந்தத் தாக்கம் கண்குழிக்குள்ளும் ஏற்பட்டால் கண்ணை அசைக்கும் தசைகளும் கொழுப்பும் வீங்கி, விழி முன்தள்ளும்.

முன்தள்ளிய விழியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பயப்பட வேண்டியது அதன் பின்னால் நடப்பதற்கு. கண்குழி எலும்பாலான புனல் போன்றது. அதன் ஒடுங்கிய முனையில் வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெரிக்கக்கூடும். தைரொயிட் கண்நோய் உள்ளவர்களில் 100 பேருக்கு 5 பேரளவில் இது நேர்கிறது. விழி அதிகம் முன்தள்ளாதவருக்கும் வரலாம். இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதும் வரலாம்.

சுவரிலுள்ள எழுத்துக்களைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டால் “கண் நல்லம்” என்று வீடு திரும்புகிறோம். பலர் ஏமாறுவது இங்கேதான். எழுத்து வாசிப்பு பார்வையின் நடுப்பகுதியை மட்டுமே சோதிக்கும். நரம்பு நெரிபடத் தொடங்கும்போது சிலருக்கு எழுத்து நன்றாகத் தெரியும். ஆனால் பார்வைப் பரப்பில், பெரும்பாலும் கீழ்ப்பாதியில், மங்கிய திட்டுக்கள் விழும். ஒரு கண் விடுவதை மறு கண் நிரப்பிவிடுவதால் அவளுக்கே அது தெரியாது. படி தடக்கினாலும் பலவீனம் என்றே நினைப்பாள். இந்தத் திட்டுக்களைக் கண்டுபிடிப்பதற்கே பார்வைப்புலப் பரிசோதனை.

ஊசி இல்லை, நோவு இல்லை. ஒரு கண்ணை மறைத்து, நாடியைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். அங்குமிங்கும் சிறு வெளிச்சம் தோன்றும்போது கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை அலையவிடக் கூடாது. தெரியாத வெளிச்சங்கள் பல இருக்கும். தோற்றுவிட்டோம் என்று கலங்க வேண்டாம். எவ்வளவு மங்கல் வரை தெரிகிறது என்று அறிவதற்காக, எவருக்கும் தெரியாத அளவு மங்கலையும் வேண்டுமென்றே காட்டுகிறார்கள். கண் சிமிட்டலாம். களைத்தால் நிறுத்தச் சொல்லலாம். இருண்ட அறையும் மின்னும் ஒளியும் ஷெல் விழுந்த இரவுகளை நினைவூட்டுமானால் அதை முன்கூட்டியே தாதியிடம் சொல்லுங்கள். முதல் முறை முடிவு பிழைப்பதுண்டு. மறுபடி செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள்.

நரம்பு நெரிபடுவது உறுதியானால் ஸ்டீரொயிட் மருந்தை நாளத்தினூடாக, பொதுவாக 3 நாட்கள், கூடிய அளவில் ஏற்றுவார்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருப்பவர்கள் அதை முதலே சொல்லவேண்டும். மருந்து போதாவிட்டால் கண்குழி எலும்பின் ஒரு பகுதியை அகற்றி இடம் ஏற்படுத்தும் சத்திரசிகிச்சை உண்டு. தாமதமின்றித் தொடங்கினால் பலருக்குப் பார்வை மீள்கிறது. புகை இந்நோயை மோசமாக்கும். திண்ணையில் சுருட்டுப் பற்றவைக்கும் அப்புவைச் சற்றுத் தள்ளி இருக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

வீட்டில் ஒரு செத்தல் மிளகாயை எடுத்து, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், அல்லது பார்வையில் ஒரு பக்கம் மங்கினால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போய், தைரொயிட் வருத்தம் இருப்பதைச் சொல்லி, “எழுத்து வாசிக்க முடிகிறது, ஆனால் நிறம் மாறித் தெரிகிறது” என்று சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.