மசாலைப் பொட்டலத்தில் அந்த ஒரு வரி

"கதிர்வீச்சுப் பட்ட மிளகாய்த் தூளைச் சாப்பிட்டால் நம் உடம்புக்குள்ளும் கதிர்வீச்சு வந்துவிடாதா, தம்பி?"

எங்கள் கலந்துரையாடல் நிகழ்ச்சியில் ஓர் அம்மா இப்படிக் கேட்டபோது அரங்கில் சிலர் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, நேயர்களே. பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி அது.

வராது என்பதே பதில். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் கதிர்வீச்சை வீட்டுக்குக் கொண்டு போவதில்லை அல்லவா? கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர்கள் பொட்டலத்தை ஊடுருவிச் சென்று கிருமிகளையும் பூச்சி முட்டைகளையும் அழிக்கின்றன. கோபால்ட் உணவைத் தொடுவதே இல்லை. நம் நாட்டில் பாங்கியிலுள்ள சினாகாமா ஆலையில் இந்தப் பணி பல்லாண்டுகளாக நடக்கிறது.

ஆனால் அளவு முக்கியம். உணவு ஏற்கும் கதிராற்றலைக் கிலோகிரே என்ற அலகால் அளக்கிறார்கள். வெங்காயம் முளைவிடாமலிருக்க 0.15 கிலோகிரே போதும். சராசரியாக 10 கிலோகிரே வரை கெடுதல் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட மூன்று அமைப்புகளின் நிபுணர் குழு 1980இல் முடிவு செய்தது. அளவு மீறினால்? ஆஸ்திரேலியாவில் மிக அதிகமாகக் கதிரூட்டிய இறக்குமதி உணவைத் தின்ற பூனைகளுக்குக் கால்கள் செயலிழந்தன. 2009இல் அங்கே பூனை உணவுக்குக் கதிரூட்டுவதையே தடை செய்துவிட்டார்கள்.

பயனீட்டாளர் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? கதிரூட்டிய மிளகாய்த் தூளைப் பார்த்தோ, முகர்ந்தோ, சமைத்தோ கண்டுபிடிக்க முடியாது. லேபிளைத்தான் நம்ப வேண்டும். மலேசியாவில் 2011ஆம் ஆண்டு உணவுக் கதிரூட்டல் விதிமுறைகள் இருக்கின்றன. சிங்கப்பூரிலும் பொட்டலத்தில் குறிப்பிட்டாக வேண்டும்.

சிக்கல், கலவை உணவில். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரே ஒரு மசாலைப் பொருள் கதிரூட்டப்பட்டிருந்தாலும் அதை எழுத வேண்டும். அமெரிக்காவில் முழுப் பழத்துக்கு ரதுரா என்ற பச்சை நிறச் சின்னம் உண்டு. கதிரூட்டிய மிளகு சேர்த்த சாஸுக்கோ, உணவகச் சாப்பாட்டுக்கோ எந்த அறிவிப்பும் தேவையில்லை.

எழுதினால் மக்கள் பயந்து வாங்கமாட்டார்கள் என்று வணிகர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைத்து வைத்தது பின்னால் தெரியவரும்போதுதான் பயம் அதிகமாகிறது.

மளிகைக் கடையில் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் தூளில் லேபிளே கிடையாது. மூட்டையில் என்ன எழுதியிருந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்த அம்மா மறுநாளே கேட்டாராம். "அந்தச் சாக்கைத் தூக்கிப் போட்டுட்டேனே, அம்மா" என்றாராம் கடைக்காரர்.